தூரம்

பிராமணி ஆற்றுப் பாலத்தில் மழை எதிரே வந்தது.
வைப்பர் ஒன்றுதான் ஓடும், அதுவும் என் பக்கம் இல்லை.
பள்ளிக்கூடத்துக்கு ஓர் ஆழ்துளை, ஆறரை அங்குலம்,
முந்நூறு அடி. ஒரே நாள் வேலை என்றார்
திருச்செங்கோட்டிலிருந்து ஓனர்.

விடிகாலையில் ஜாக்கி இறக்கி
பன்னிரண்டடி போயிருக்கும்,
செம்மண்ணைச் சேறாய்த் துப்பிக்கொண்டிருந்தது ரிக்.
குறுக்கே ஒருத்தி வந்து நின்றாள்.
பாதத்தில் சிவப்புச் சாயம்,
பாதத்துக்குக் கீழே பாக்குமட்டைச் செருப்பு.
கத்தவில்லை. கம்ப்ரசர் இரைச்சலில் கத்தி என்ன பயன்?
தன் அடிவயிற்றைத் தொட்டாள்.
குனிந்து மண்ணைத் தொடப் போனவள்
தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

எனக்குப் புரியவில்லை.
புத்வா எஞ்சினை அணைத்தான்.
ஜார்க்கண்டுக்காரன், எங்களோடு நாலு வருஷம் சுற்றித்
தமிழ் பிடித்தவன்.
"ரஜோ பண்டிகை அண்ணே. பூமிக்கு மூணு நாள்."
"மூணு நாள் என்ன?"
"அதேதான். உங்க ஊர்ல என்னமோ சொல்வீங்களே."

தூரம் என்போம்.

ஓனரிடம் போனில் சொன்னேன்.
மண்ணுக்குத் தூரமா என்று சிரித்தார்.
அப்புறம் டீசல் கணக்குச் சொன்னார்,
அதில் சிரிப்பு இல்லை.

குழியைச் சுற்றி வேலி போட முடியாது.
குச்சி நட்டாலும் மண்ணைக் குத்தியதாகும்.
தைதாரி நாயக் நான்கு பள்ளி பெஞ்சுகளைத் தூக்கி வரச் சொன்னார்.
பெஞ்சு நடுவே, வாழையிலை போர்த்தி,
எங்கள் பன்னிரண்டடி படுத்திருந்தது.

ஏர் இல்லை, அம்மி இல்லை, அடுப்பு இல்லை.
முந்தின இரவே சுட்டு வைத்த போடா பிட்டா:
அரிசி, வெல்லம், தேங்காய், மேலே கருகல்.
பணியாரத்தைத் தீயவிட்டுட்டாங்க என்றார் டிரைவர் மாரப்பன்,
மூன்றாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு.
ஆண்கள் லூடோ உருட்டினார்கள்;
தோற்றவன் எல்லாருக்கும் வெற்றிலை வாங்க வேண்டும்.
மாமரம் தவறாமல் ஊஞ்சல்.
நனைந்த கயிறு முனக முனக
மழைக்குள் போய் மழைக்குள்ளிருந்து வந்தார்கள் பெண்கள்.
சேலை பிழியப் பிழிய மறுபடி ஏறினார்கள்.
எங்கள் ரிக்கின் மாஸ்ட்டில் கூடக்
கயிறு போட இடம் கேட்டாள் ஒரு சிறுமி.
மாரப்பன் முறைத்தார். அப்புறம் அவரே முடிச்சுப் போட்டார்.

மட்டைச் செருப்புக்காரியின் பெயர் குந்தளா.
என் ஓட்டை இந்தியில் புத்வாவிடம் கேட்டது
அவள் காதில் விழுந்துவிட்டது:
இங்கே பெண்களுக்கும் மாதாமாதம் இப்படித்தானா?
ஊஞ்சலைக் காலால் நிறுத்தி
வெற்றிலை வாயோடு சிரித்தாள், அதிக நேரம்.
"மண்ணுக்கு ஊஞ்சல். எங்களுக்கு மூலைப் பாய்.
நானே நட்ட துளசியை நான் தொடக் கூடாது."
என் முகத்தைப் பார்க்காமல் தமிழில் சொன்னான் புத்வா.

மாடிப்படிக்குக் கீழே
மைனாவதிக்கு ஒரு தனித் தட்டு உண்டு, விளிம்பு நசுங்கினது.
சந்தையில் நான்தான் வாங்கினேன்.
நசுங்கல் இருக்கிறதென்று ஐந்து ரூபாய் குறைத்து.

நாலாம் நாள் அம்மிக் கல்லைக் குளிப்பாட்டினார்கள்.
அதுதான் பூமியாம். மஞ்சள் பூசி,
பொட்டு வைத்து, பூச் சாத்தி,
பிள்ளை பெற்றவளை நடத்துவதுபோல்
இரண்டு பேர் தாங்கி உள்ளே கொண்டுபோனார்கள்.
மிச்ச மஞ்சள் தண்ணீரோடு குந்தளா ரிக்கிடம் வந்தாள்.
பிட்டின் இரும்புப் பற்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
ஊற்றுவாள் என்று நினைத்தேன்.
வாழையிலையை விலக்கிக் குழியில் ஊற்றினாள்.

லிவரை மெதுவாக இறக்கினேன்.
தூக்கமா என்று திட்டினார் மாரப்பன்.
நூற்று நாற்பதில் ஈரம். இருநூற்றுப் பத்தில்
பெஞ்சு மேல் நின்ற பிள்ளைகள் எல்லாம் வெள்ளைச் சேறு.

இரவு மைனாவதி கூப்பிட்டாள்.
நாலு நாளாய் ஏன் பேசவில்லை?
"இங்கே லீவு."
"யாருக்கு?"

சொல்ல வாயெடுத்தேன்.
லாரிக் கூரையில் மழை பலத்தது.
டவர் கிடைக்கவில்லை என்றேன்.
நன்றாகத்தான் கிடைத்தது.
அவள் பின்னால் குழாயடியில்
தட்டுக் கழுவும் சத்தம் வரை கேட்டது.